கழித்தவள் கணக்கு

மேசையில் விழுந்த காய்க்கு
ஆயுசு ஒரு மூச்சு.
அடுத்தவள் சுவரிலிருந்து ஒன்றை உருவித்
தன் பலகையில் சேர்க்கும்வரைதான்.
சேர்த்துவிட்டாளா, அப்புறம் நீ
தலைகீழாய் நின்றாலும் அது செத்த காய்.

ட்ரூடி இதில் மகா கண்டிப்பு.
நியூவார்க் வரி அலுவலகத்தில் முப்பது வருஷம் இருந்தவள்.
பலகையில் காயைச் சேர்க்கும்போது
டக்கென்று ஒலிக்கத் தட்டுவாள்,
சாட்சிக்கு.

புதன்கிழமை. டெல்ரே பீச்.
கிளப்பின் ஏசிக்குப் பயந்து நால்வருக்கும் ஸ்வெட்டர்,
வெளியே தொண்ணூற்றிரண்டு டிகிரி.
வாடை என்ற ஒன்றை இந்த ஊரில்
காயில்தான் பார்க்கலாம்.

மூன்றாகவோ நாலாகவோ ஐந்தாகவோ சேருமென்றால்
கூப்பிட்டு எடுக்கலாம்.
எடுத்ததை எல்லோரும் பார்க்கத் திறந்து வைக்கவேண்டும்.
ஜோடி சேர்க்க எடுக்கக் கூடாது.
அந்த ஒரு காயோடு ஆட்டமே முடிகிறதென்றால்
அப்போது மட்டும் எடுக்கலாம்.

நான் இர்வினை விட்டது எண்பத்தாறு மார்ச்சில்.
லெனோர் அவனை எடுத்தது அதே வருஷம் அக்டோபரில்,
ஜோடி சேர்க்க.
செல்லுமா செல்லாதா என்று
எனக்குத் தெரியாமல் இவர்கள் ஒருமுறை விவாதித்தார்களாம்.
ஏழு மாசம், காலதாமதம், என்றிருக்கிறாள் ட்ரூடி.
மேக்ஸின் சொன்னாளாம்:
அது அவளுக்குக் கடைசிக் காய்,
அப்புறம் அவள் எதையும் தேடவில்லையே.

கழித்த ஜோக்கரை மட்டும் யாரும் தொட முடியாது.
கையில் இருக்கும்வரை
எதுவாக வேண்டுமானாலும் நடிப்பான்,
கீழே விழுந்தால் யாருக்கும் ஆகமாட்டான்.
என் இரண்டாவது கணவனைப் பற்றி
இதற்குமேல் வேண்டாம்.

இன்று லெனோருக்கு மூன்று வரிசை திறந்திருந்தது,
பன்னிரண்டு காய்.
பலகையில் ஒரே ஒன்று, முதுகு காட்டி.
அது என்ன என்று மேசைக்கே தெரியும்.
நான் "பூ" என்றேன்.
வைத்த விரலை எடுக்கவில்லை,
"மாஜாங்" என்றாள்.

அட்டையில் வரியை நகத்தால் தொட்டுத் தொட்டு
ட்ரூடி சரிபார்த்தாள். சரிதான்.
மற்ற இருவரும் இருபத்தைந்து சென்ட்.
கழித்தவள் இரட்டிப்பாகக் கொடுக்கவேண்டும்.
அதற்கு விதி உண்டு.
தெரிந்தே போட்டாளா என்று கேட்க
விதி இல்லை. ட்ரூடி கேட்டாள்.
நான் சில்லறைப் பையைத் துழாவிக்கொண்டிருந்தேன்.

காய் கலக்கும் சத்தத்தில்,
யாரிடம் என்றில்லாமல் லெனோர் சொன்னாள்:
"செவ்வாய் ராத்திரி என்னை ஹாரியட் என்றார்.
போன வாரமும்.
நான் திருத்தவில்லை."

மேக்ஸின் கேக் கத்தியைக் கீழே வைத்தாள்.

பெயர் தவறிச் சொன்ன காயையும்
யாரும் எடுக்க முடியாது,
சரியான பெயரைச் சொல்லும்வரை.
அதுவரை அது மேசையில் கிடக்கும்,
எல்லோர் கண்ணுக்கும் முன்னால்.

அடுத்த ஆட்டம். நாலாவது சுற்று.
லெனோர் ஒரு காயைத் தள்ளிக்கொண்டே
என்னைப் பார்க்காமல்,
"நாளைச் சாயங்காலம் வருகிறாயா?
அவர் கூப்பிடும்போது
ஒருத்தியாவது 'ம்' சொல்லவேண்டும்,"
என்றாள். பிறகு, "சோப்பு."

வெறும் சட்டம் வரைந்த காய்,
நடுவில் ஒன்றுமில்லை.
எனக்கு அது தேவையில்லை. என்னிடம் ஜோடிகூட இல்லை.

ட்ரூடி சுவரிலிருந்து உருவிவிட்டாள்.
காய் பலகைக்கு மேலே, ஒரு விரற்கடை தூரத்தில்.

"பொறு," என்றேன்.

அந்தச் சொல் ஆட்டத்தில் செல்லும்.
ட்ரூடியின் கை அப்படியே நின்றது.
மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள்.
ஏசி ஒருமுறை நின்று மறுபடி உறுமியது.

"எடுக்கிறாயா, இல்லையா?" என்றாள் ட்ரூடி.